எட்டரை கிலோ

ஜூன் 9, திங்கள்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "உங்களுக்கு நோய் ஒண்ணும் இல்ல கோமதி. உட்காரத் தெரியல, அவ்வளவுதான். தினமும் பத்து நிமிஷம் உட்கார்ந்து அன்னிக்கு நடந்ததை எழுதுங்க. யாரும் படிக்கப்போறதில்ல" என்றார். யாரும் படிக்காத அறிக்கை எழுதுவதில் எனக்குப் பதினாறு வருட அனுபவம் இருக்கிறது.

பெருந்துறைக்கு வெளியே உள்ள இந்தச் சாயத் தொழிற்சாலைக்கு இன்று வந்து சேர்ந்தேன். வெளிநாட்டில் சட்டை விற்கும் கம்பெனி ஒன்று இவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது: அடுத்த மார்ச்சுக்குள் கரியமில வெளியேற்றத்தைப் பதினைந்து சதவீதம் குறைக்காவிட்டால் ஆர்டர் கிடையாது. முதலாளி சென்னியப்பன் பதறிப்போய் கோயம்புத்தூரில் எங்கள் ஆலோசனை நிறுவனத்தைக் கூப்பிட்டார். நிறுவனம் என்னை அனுப்பியது. புது இயந்திரம் எதுவும் வாங்காமல், ஆட்கள் வேலை செய்யும் முறையை மாற்றியே முதல் பாதியைக் குறைத்துக்காட்ட வேண்டும். எட்டு வாரம்.

விருந்தினர் அறையில் மூன்று விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு ஏசி. நான் கதவைத் திறந்தபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு மரியாதையாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மகளுக்குப் போன் செய்தேன்.

நிரஞ்சனாவிடம் பேசினேன். நன்றாக இருக்கிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

காலை முழுவதும் நடந்தேன். நடப்பது எனக்கு நன்றாக வரும். சாயமேற்றும் இயந்திரங்கள் ஒன்பது. துணியைச் சாயத் தண்ணீரில் போட்டுச் சுழற்றிக்கொண்டே சூடாக்கும். அந்தச் சூடு நீராவியிலிருந்து வருகிறது, நீராவி பின்கட்டிலிருக்கும் பாய்லரிலிருந்து வருகிறது, பாய்லர் நிலக்கரி தின்கிறது. இந்தத் தொழிற்சாலையின் புகைக் கணக்கில் முக்கால் பங்கு அந்த ஒரு அறையில்தான்.

பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் மாரப்பன். நாற்பத்து மூன்று வயது, எனக்குச் சமம். பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறார். பாய்லர் ஓட்டும் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார், பக்கத்தில் சென்னிமலை முருகன். இரண்டில் சான்றிதழின் மேல்தான் தூசி குறைவு.

மேனேஜர் தர்மலிங்கம் கூடவே வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நான் யாரை என்ன கேட்டாலும் அவர்கள் முதலில் தர்மலிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்கள்.

நிரஞ்சனாவிடம் பேசினேன். நன்றாக இருக்கிறாள்.

ஜூன் 11, புதன்

முதல் கூட்டம். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து, "வேலையில என்ன தொந்தரவு, எங்க வீணாகுதுன்னு எழுதுங்க. பேர் போட வேண்டாம்" என்றேன். திரும்ப வந்த சீட்டுகளில் பதினேழில் 'தொந்தரவு ஒன்றும் இல்லை' என்றிருந்தது. நான்கு காலி. ஒன்றில் மட்டும் 'கேண்டீன் சாம்பாரில் பருப்பு இல்லை.'

தர்மலிங்கம் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இது யார் எழுத்துன்னு எனக்குத் தெரியுமுங்க மேடம்."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பெரிய தவறு செய்துவிட்டேன். கேண்டீனில் ஆள் இல்லாத நேரத்தில் விளக்கு, விசிறி எல்லாவற்றையும் வரிசையாக அணைத்துக்கொண்டே போனேன். கை அரிக்கிறது, என்ன செய்ய. சாமி படத்துக்கு மேலே இருந்த சிவப்புக் குட்டி பல்பும் அந்த வரிசையில் போய்விட்டது. பதினோரு வருடமாக அணையாமல் எரிந்த பல்பாம். மதியம் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சாயமேற்றும் பிரிவின் மாஸ்டர் வேலுச்சாமி, "கரண்ட் மிச்சம் புடிக்க எங்க முருகன்தான் கெடைச்சாருங்களா மேடம்?" என்று கேட்டார்.

மிச்சம் பிடித்தது ஐந்து வாட். இழந்ததற்கு அளவுகோல் என்னிடம் இல்லை.

நிரஞ்சனாவிடம் பேசினேன். பல்பு கதையைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டுவிட்டேன், பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. நன்றாக இருக்கிறாள்.

ஜூன் 16, திங்கள்

நீராவியை அளக்கும் கருவி இன்னும் வரவில்லை. வாடகைக் கருவி, வேறொரு ஆலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சும்மா இருக்க முடியாமல் பாய்லர் அறையின் லாக் புத்தகங்களை அறைக்கு எடுத்து வந்தேன். மணிக்கு ஒருமுறை நீராவியின் அழுத்தத்தைப் பார்த்து எழுத வேண்டிய புத்தகம் அது. அழுத்தத்தை இங்கே கிலோவில் சொல்கிறார்கள்.

எட்டரை கிலோ. ஒவ்வொரு மணிக்கும், மூன்று ஷிப்டிலும், ஜனவரியிலிருந்து இன்றுவரை எட்டரை. எப்போதாவது எட்டு புள்ளி நாலு, எட்டு புள்ளி ஆறு. இப்படி ஒழுங்கான பாய்லரை நான் பார்த்ததே இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மனதுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்பதை டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

இயந்திரங்களுக்கு ஆறு கிலோ இருந்தால் போதும். எட்டரை இவ்வளவு நிலையாக நிற்கிறது என்றால் ஏழில் வைத்து ஓட்டலாம். செலவே இல்லாமல் நிலக்கரியில் நாலைந்து சதவீதம் குறையும்.

ஜூன் 19, வியாழன்

நிரஞ்சனாவுக்குக் கணக்கில் எழுபத்தொன்று. போன தடவை எண்பத்தாறு. ஏன் என்று கேட்டேன். கேள்வித்தாள் கஷ்டம் என்றாள். விளக்கம் திருப்தியாக இல்லை. எந்தெந்தக் கேள்வியில் எத்தனை மதிப்பெண் போனது என்று எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் கோட்டைவிட்டால் பத்தாம் வகுப்பில் பிடிக்க முடியாது.

போன ஆகஸ்டிலிருந்து அவள் கோயம்புத்தூரில் அப்பா சுதாகரோடு இருக்கிறாள். நானும் சுதாகரும் பிரிந்தபோது அவளே அப்படிக் கேட்டுக்கொண்டாள். காரணம் கேட்டபோது, "சும்மாதான்மா" என்றாள். அதுவும் திருப்தியான விளக்கம் இல்லை.

மற்றபடி நன்றாக இருக்கிறாள்.

ஜூன் 23, திங்கள்

பாய்லர் அறையில் தர்மலிங்கத்தின் முன்னிலையில் சொன்னேன், நாளையிலிருந்து ஏழு கிலோ என்று.

"ஏழுங்களா?" என்றார் மாரப்பன். துண்டால் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கைதான். "சித்தெ பாத்துச் செய்யலாமுங்களே."

"என்ன பாக்கணும்? சொல்லுங்க."

அவர் தர்மலிங்கத்தைப் பார்த்தார். தர்மலிங்கம், "மேடம் படிச்சுட்டுத்தான் சொல்றாங்க. ஏழுன்னா ஏழு" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் மாரப்பன்.

எதையோ விழுங்கினார் என்று தெரிந்தது. புது ஏற்பாடு என்றால் யாருக்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கும். மாற்றத்துக்கான எதிர்ப்பு என்று எங்கள் பயிற்சியில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு.

ஜூன் 24, செவ்வாய்

லாக் புத்தகம்: ஏழு, ஏழு, ஏழு, ஏழு. கைதட்டலாம் போலிருந்தது. கோயம்புத்தூரில் என் மேலதிகாரி ராகவேந்திரனுக்குப் படமெடுத்து அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பினார்.

ஜூன் 26, வியாழன்

நிரஞ்சனா பட்டியல் அனுப்பினாள். இரண்டு கேள்விகளில் கவனக்குறைவு. அதைச் சுட்டிக்காட்டினேன். "சரிம்மா." நாற்பது நொடியில் பேச்சு முடிந்தது. நன்றாக இருக்கிறாள்.

ஜூன் 28, சனி

மெரூன் கேட்ட இடத்தில் செங்கல் நிறம் வந்துவிட்டது. அறுநூறு கிலோ துணி, ஒரு முழு லாட். நேற்று காலை ஷிப்டில் ஏற்றியது. வேலுச்சாமி துணியின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓரிடத்தில் ஒரு நிறம், அடுத்த முழத்தில் வேறு நிறம். சூடு ஏற வேண்டிய நேரத்தில் ஏறவில்லை என்கிறார்.

"இனி என்ன பண்றது?"

"கறுப்புல முக்கிருவமுங்க. இங்க பண்ற தப்பெல்லாம் கறுப்பாத்தான் வெளிய போகும்" என்றார்.

ஜூன் 30, திங்கள்

இன்னொரு லாட் போய்விட்டது. அதுவும் காலை ஷிப்ட். சென்னியப்பன் எல்லாரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "என்னாச்சுன்னு எழுத்துல குடுங்க மேடம். நீங்கதான் வெளியாளு" என்றார்.

லாக் புத்தகத்தைப் பார்த்தேன். அந்த இரண்டு காலையிலும் ஏழு கிலோ என்றுதான் இருந்தது. ஏழு இருந்திருந்தால் சூடு ஏறியிருக்கும். எனவே அந்த மணிக்கு இடைப்பட்ட நேரத்தில் நெருப்பைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரே வரி எழுதினேன்: 'பாய்லர் பணியாளரின் கண்காணிப்புக் குறைபாடே காரணம் எனத் தெரிகிறது.' கையெழுத்திட்டேன்.

கையெழுத்திட்டபின் நான்கு தடவை மாடி ஏறி இறங்கினேன்.

ஜூலை 1, செவ்வாய்

மாரப்பனை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். என்னைக் கடந்தபோது, "வர்றனுங்க மேடம்" என்று சொன்னார். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அவர் இடத்துக்கு ஜெகதீசன் என்று ஒருவரை எடுத்திருக்கிறார்கள்.

நிரஞ்சனாவிடம் பேசினேன். நன்றாக இருக்கிறாள்.

ஜூலை 3, வியாழன்

சுதாகர் போன் செய்தான். நிரஞ்சனாவுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று, சாதாரணக் காய்ச்சல்தான், இன்று இறங்கிவிட்டது. "அவ உன்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டான்.

நான்கு நாளும் பேசினேன். நான்கு நாளும் நல்லா இருக்கேன் என்றாள். நான் எழுதியும் வைத்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

ஜூலை 5, சனி

மூன்றாவது லாட். காலை ஷிப்ட். மாரப்பன் இல்லாத காலை ஷிப்ட்.

ஜூலை 7, திங்கள்

விருந்தினர் அறைக்குக் கார் ஒன்பது மணிக்குத்தான் வரும். இன்று அதற்குக் காத்திருக்காமல் ஏழு மணிக்கே நடந்து போனேன். வந்து ஒரு மாதமாகிறது. காலை எட்டு மணிக்குப் பாய்லர் அறையில் நான் ஒருநாள்கூட நின்றதில்லை என்பது போகிற வழியில்தான் உறைத்தது.

எட்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. அழுத்தமானியின் முள் ஏழில் நின்றது. எட்டே காலுக்குள் அது ஏழிலிருந்து ஆறு, ஐந்து என்று வழுக்கி நாலு புள்ளி இரண்டில் போய் நின்றது. ஜெகதீசன் நிலக்கரியை அள்ளி அள்ளிப் போட்டார். முள் மறுபடி ஏழுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஓடிப்போய் முன்கட்டைப் பார்த்தேன். ஒன்பது இயந்திரத்திலும் ஒரே நேரத்தில் நீராவி வால்வைத் திறந்திருந்தார்கள். ஒன்பது வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் தெருவில் தண்ணீர் எப்படி வரும்? ஏன் இப்படி என்று வேலுச்சாமியைக் கேட்டேன்.

"எட்டு பத்துக்கு மேனேஜர் ரவுண்டு வருவாருங்க. எந்த மிசின் நிக்குதோ அதுக்கு நோட்டுல செவப்பு வட்டம். அதான் எல்லாருமே எட்டுக்கே ஓட்டிருவோம்."

நான் சொல்லும்வரை காலையில் கறுப்பு மட்டும் ஏற்றச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து லாக் புத்தகத்தைப் பார்த்தேன். எட்டு மணி: ஏழு. ஒன்பது மணி: ஏழு. ஒன்பது மணிக்கு முள் ஐந்தில்தான் இருந்தது.

ஜனவரியிலிருந்து எட்டரை எட்டரை என்று இருந்ததே. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? எந்த நெருப்பு ஆறு மாதம் ஆடாமல் எரியும்? எனக்கு அந்தப் பக்கங்கள் பிடித்திருந்தன. அதனால் கேட்கவில்லை. வேறு காரணம் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

சென்னிமலை ரோட்டில் மாரப்பன் வீட்டுக்குப் போனேன். வாசலில் மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எழுந்து, "வாங்க, வாங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என்னால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"எட்டரைன்னு ஏன் எழுதினீங்க மாரப்பன்?"

எண்ணெய்க் குப்பியை மூடி வைத்தார். "ஒம்போது வருசத்துக்கு முந்தி ஒருக்கா ஆறு புள்ளி நாலுன்னு எழுதினனுங்க. இருந்தது அதுதான். மேனேஜர் செவப்புல வட்டம் போட்டு, விளக்கம் எழுதுன்னாரு. எழுதினேன். விளக்கம் போதலைன்னு அதுக்கும் ஒரு வட்டம். மறுநாளும் ஆறு சொச்சம். மறுக்காவும் விளக்கம். மூணு நாள் பாத்தனுங்க. நாலாம் நாள் எட்டரைன்னு போட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலீங்க. அன்னீலிருந்து நிம்மதி."

"நான் ஏழுன்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"என்னத்தைச் சொல்றதுங்க? எட்டரைல வெச்சாலே காலைல ஆறுக்கு வந்துரும், ஏழுல வெச்சா நாலுக்குப் போகும்னு சொல்லோணும். அப்படிச் சொன்னா, புஸ்தகத்துல எட்டரைன்னு என்ர கையெழுத்துல இருக்குறது என்னன்னு கேப்பீங்க."

அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார். மாரப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. நெருப்பை ஒழுங்காப் பாக்கலைன்னு அனுப்பினா எனக்கு வேற எங்கியாச்சும் பாய்லர் கெடைக்குமுங்க. பொய் எழுதினான்னு அனுப்பினா சர்டிபிகேட்டே போயிரும். அப்பறம் நான் எதுக்குமே ஆக மாட்டனுங்க. புஸ்தகத்தைப் பத்தி மட்டும் சொல்லிறாதீங்க."

என் ஒரு வரிதான் அவரை வீட்டில் உட்காரவைத்தது. அதைத் திரும்ப வாங்க வேண்டும் என்றால் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொன்னால் இதைவிடப் பெரிய குழியில் விழுவார். மோர் முழுவதையும் நின்றபடியே குடித்தேன்.

விளக்கம் போதலைன்னு அதுக்கும் ஒரு வட்டம்.

இன்று நிரஞ்சனாவுக்குப் போன் செய்யவில்லை.

ஜூலை 9, புதன்

ராகவேந்திரனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அறிக்கை குடுத்தாச்சு கோமதி. ஆபரேட்டர் தப்புன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப நம்ம பரிந்துரைதான் தப்புன்னா துணிக்கு யார் பொறுப்பு? பேசாம அழுத்தத்தை மறுபடி எட்டரைக்கு ஏத்திட்டு, வேற எதுலயாவது மிச்சம் காட்டுங்க."

பேசாமல் இருப்பது சுலபம். ஒன்பது வருடம்கூட இருக்கலாம் போலிருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

தர்மலிங்கத்தை அவர் மேசையிலேயே பிடித்தேன். அந்தச் சிவப்புப் பேனாவைப் பற்றிக் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். சிவப்புப் பேனா ஒரு டஜன்.

"மொதலாளி வாராவாரம் சனிக்கிழமை எல்லா நோட்டையும் பாப்பாருங்க. செவப்பு இருக்கிற எடத்தை மட்டுந்தான் பாப்பாரு. செவப்பே இல்லாத வாரம், 'என்ன தர்மலிங்கம், தூங்கிட்டிருந்தியா'ம்பாரு. நானும் வேலைக்கு வந்தவன்தானுங்க மேடம்."

மாரப்பன் எட்டரையில் ஒளிந்துகொண்டார், இவர் சிவப்பு வட்டத்துக்குள் ஒளிந்துகொண்டார். நான் அந்த எட்டரையை நம்பிக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஜூலை 11, வெள்ளி

சென்னியப்பனிடம் போனேன். அறிக்கையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதிய கடிதத்தை மேசையில் வைத்தேன். 'மூன்று லாட் வீணானதற்கு என் பரிந்துரையே காரணம். களத்தில் நின்று அளக்காமல் கொடுத்த பரிந்துரை அது.' மாரப்பனின் புத்தகத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

அவர் இரண்டு தடவை படித்தார். முதலாளியாகி இருபது வருடமான மனிதர், அவ்வளவு லேசில் விடவில்லை. "உங்க கணக்கு தப்புன்னா, புஸ்தகத்துல ஏழுன்னு எப்படிங்க இருக்குது?"

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு என்கூட பாய்லர் ரூமுக்கு வாங்க. முன்கூட்டி யாருக்கும் சொல்லாதீங்க. அங்க வச்சு நீங்களே கேளுங்க."

"அங்க என்ன இருக்குது?"

"எனக்கும் முழுசாத் தெரியாதுங்க. ஒரு ஊகம்தான்."

மூன்று தடவை சாப்பிடப் போய்ச் சாப்பிடாமல் திரும்பினேன்.

ஜூலை 12, சனி

எட்டு மணி. சென்னியப்பன், நான், பின்னாலேயே ஓடிவந்த தர்மலிங்கம். ஜெகதீசன் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார்.

முள் ஏழில் இருந்தது. சென்னியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எட்டு பத்துக்கு வழுக்க ஆரம்பித்தது. ஆறு. ஐந்து. நாலரை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முள் நாலில் இருந்தது.

"புஸ்தகம் எங்க?"

ஜெகதீசன் அசையவில்லை. மேசையில் இருந்ததை நானே எடுத்துக் கொடுத்தேன். இன்றைய தேதிக்கான பக்கம். எட்டு மணி, ஏழு. ஒன்பது மணி, ஏழு. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, எல்லாம் ஏழு. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அழகான கையெழுத்தில் ஏழு.

"ஏப்பா, இன்னும் காலைச் சோறே திங்கல. அதுக்குள்ள நாலு மணி ஆயிருச்சா உனக்கு?" என்றார் சென்னியப்பன்.

ஜெகதீசனுக்கு அழுகை வந்துவிட்டது. "மொத நாள் நாலு புள்ளி மூணுன்னு எழுதினனுங்க. வட்டம் போட்டு விளக்கம் கேட்டாங்க. எனக்கு என்ன எழுதறதுன்னு தெரியலீங்க."

"எத்தனை நாளாச்சு வேலைக்கு வந்து?"

"பன்னெண்டு நாளுங்க."

நான் சொன்னேன்: "மாரப்பன் போயிட்டார். இவர் வந்து பன்னெண்டு நாள்ல அதே மாதிரி எழுதுறார். இவரை அனுப்பிட்டு இன்னொருத்தரை வச்சாலும் இதேதான் வரும். ஏன்னா நிஜத்தை எழுதினவங்களைத்தான் இங்க விளக்கம் கேட்டிருக்கோம்."

கேட்டிருக்கோம் என்று நான் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் இந்தத் தொழிற்சாலை ஆள் இல்லை.

சென்னியப்பன் தர்மலிங்கத்தைப் பார்த்தார். தர்மலிங்கம் தரையைப் பார்த்தார். சென்னியப்பன், "நானுந்தான் செவப்பை மட்டும் பாத்துட்டிருந்தேன்" என்றார். கையை நீட்டித் தர்மலிங்கத்தின் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும். மாரப்பனை வரச்சொல்லு. புஸ்தகத்தைப் பத்தி ஒருத்தரும் அவனை ஒரு வார்த்தை கேக்கப்படாது."

வெளியே வந்து நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால் நின்று அழுதேன். நிம்மதியில்தான்.

ஜூலை 14, திங்கள்

மாரப்பன் வந்தார், செய்தித்தாளில் சுற்றிய சான்றிதழோடு. ஆணி அதே இடத்தில் இருந்தது. அழுத்தத்தை மறுபடி எட்டரையில் வைத்தோம். எட்டே காலுக்கு முள் ஐந்து புள்ளி ஒன்பது. பேனாவை எடுத்தார். 'ஐந்து' என்று போட்டுவிட்டு நிறுத்தினார். தர்மலிங்கத்தைப் பார்த்தார். தர்மலிங்கம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி வைத்து ஒன்பதைப் போட்டார்.

சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ஐந்து புள்ளி ஒன்பது, ஏழு புள்ளி இரண்டு, ஒன்பது புள்ளி ஆறு, எட்டு, ஆறு புள்ளி ஐந்து. கோணல்மாணலாக, அசிங்கமான பக்கம். இந்த ஒரு மாதத்தில் நான் பார்த்த முதல் உருப்படியான பக்கம்.

ஜூலை 16, புதன்

இன்று ஒன்பது இயந்திரங்களை மூன்று மூன்றாகப் பிரித்து, இருபது நிமிட இடைவெளியில் ஓட்டினோம். எட்டு பத்து ரவுண்டு இல்லை. வரிசையை வேலுச்சாமியும் மாரப்பனும் சாக்பீஸால் தரையில் எழுதிப் பேசி முடிவுசெய்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. முள் ஏழு புள்ளி நாலுக்குக் கீழே இறங்கவில்லை.

"இப்பப் படிப்படியா ஏழரைக்கு வரலாமுங்க மேடம்" என்றார் மாரப்பன். "இப்ப நாஞ் சொல்றேன்."

கேண்டீனில் குட்டி பல்பு எரிகிறது. சாம்பாரில் பருப்பு இருந்தது.

ஜூலை 17, வியாழன்

என் கடிதத்தின் நகல் ராகவேந்திரனுக்குப் போய்விட்டது. நிறுவனத்தின் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டதற்காக இந்த வேலையிலிருந்து என்னை விலக்கியிருக்கிறார். மீதியை வேறொருவர் வந்து பார்ப்பார். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்து விளக்கம் எழுதிக்கொடுக்க வேண்டுமாம்.

வருத்தமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது எட்டரை.

இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தேன். யாரும் படிக்கப்போவதில்லை என்றார் டாக்டர், நான் இருக்கிறேனே. 'நிரஞ்சனாவிடம் பேசினேன். நன்றாக இருக்கிறாள்.' ஒரே கையெழுத்து, ஒரே வரி. காய்ச்சலில் கிடந்த செவ்வாய்க்கிழமையும் அதே வரி. ஜூன் பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தில், 'விளக்கம் திருப்தியாக இல்லை' என்ற வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

பெட்டியைக் கட்டினேன். மாரப்பன் பாய்லர் அறை வாசலுக்கு வந்து, "வர்றப்ப சொல்லுங்க மேடம், எட்டு மணிக்கே வண்டி அனுப்பச் சொல்றேன்" என்றார். கிண்டல்தான். சிரித்துவிட்டேன்.

ஐந்தரைக்கு நிரஞ்சனாவுக்குப் போன் செய்தேன். பத்து நாளாயிற்று. எடுத்தவுடன், "நல்லா இருக்கேம்மா" என்றாள். நான் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

வழக்கம்போல அறைக்குள் நடந்துகொண்டேதான் பேசினேன். சாப்பாடு, பாடம், மதிப்பெண் எல்லாம் வாய்வரை வந்தன. அதற்குப் பதிலாக என் கதையைச் சொன்னேன். "அம்மா ஒரு தப்புப் பண்ணிட்டேன் நிரு. அளந்து பாக்காம ஒருத்தரைக் குத்தம் சொல்லி எழுதிட்டேன். அவர் வேலையே போகப் பாத்துச்சு. இப்ப என் வேலையும் எப்படியோ. ரெண்டு நாளா எனக்கு மனசு சரியில்ல."

இணைப்பு போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அம்மா."

"சொல்லு."

"நானும் நல்லா இல்லம்மா."

ஏன் என்பது நாக்கு நுனியில் நின்றது. கேட்கவில்லை. ஜன்னலோரம் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவள் அழுதாள், பேசினாள், நடுவில் நிறுத்தினாள், மறுபடி பேசினாள். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. நான் எழுந்திருக்கவே இல்லை.

நிரஞ்சனாவிடம் பேசினேன். நன்றாக இல்லை.